தண்ணீரைவிட எத்தனை மடங்கு

எண்ணெய்க்குப் படியாலும் போத்தலாலும் அளக்க முடியாத இன்னோர் அளவு உண்டு என்பது கல்யாணமாகி வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அது எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம், எவ்வளவு நேரத்தில் ஒழுகும் என்ற அளவு. அந்த அளவினால்தான் எங்கள் பிழைப்புப் போயிற்று. ஆகையால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் சொல்வதுபோல எனக்குச் சொல்ல வராது. எழுத்துக் கூட்டி வாசிப்பேன், என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் என் அடுப்படியில் என் கண்முன்னே நடந்ததைச் சொல்ல எனக்குப் படிப்பு எதற்கு?

ஒரு கிண்ணம். அதன் அடியில் சின்னத் துளை. துளையை விரலால் அடைத்துக்கொண்டு எண்ணெய் ஊற்ற வேண்டும். விரலை எடுத்ததும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவு எண்ணெய் இறங்க இத்தனை செக்கன் என்று சொன்னால் அது இங்கிலீஷ்காரன் கணக்கு. ஜெர்மன்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். அவன் முதலில் தன் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுப் பார்ப்பான், பிறகு எண்ணெய் விடுவான். தண்ணீருக்கு ஆன நேரத்தைவிட எண்ணெய்க்கு எத்தனை மடங்கு என்று சொல்வான். ஒருவன் நேரத்தைச் சொல்கிறான், மற்றவன் மடங்கைச் சொல்கிறான். எண்ணெய் என்னவோ ஒன்றுதான்.

என் வீட்டுக்காரர் கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இஞ்சின் டிரைவர். தேயிலை அரைக்கும் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் கொழுந்து வாட்டும் காற்றாடி, அரைக்கும் ரோலர், தூளைக் காயவைக்கும் அடுப்பின் விசிறி எல்லாம் ஒரே இஞ்சினில் மாட்டிய பட்டியில்தான் சுற்றும். இஞ்சின் நின்றால் எல்லாம் நிற்கும். துரை பங்களாவில் விளக்கும் அணையும்.

நான் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள்தான். ஆனால் அவரைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து முதுகில் கூடை ஏற்றவில்லை. ஸ்டோருக்குக் கீழே எங்களுக்குத் தனி வீடு. இரண்டு அறை, ஓர் அடுப்படி, வாசலில் எங்களுக்கென்று ஒரு குழாய். லயத்துப் பெண்கள் என் காதில் விழும்படியே பேசுவார்கள்.

"டிரைவர் பொண்டாட்டி தண்ணிக்குக்கூட வரிசையில நிக்க மாட்டா. அவளுக்கு இஞ்சின் வந்து எறச்சுக் குடுத்துட்டுப் போகும்."

நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அவர்கள் சொன்னது உண்மை. உண்மைக்கு எதற்குக் கோபப்பட வேண்டும்?

சுதந்திரம் வந்தபோது எங்களிடம் இருந்தது பழைய இங்கிலீஷ் இஞ்சின். சில வருடங்கள் கழித்து அதைக் கழற்றிவிட்டு ஜெர்மன் இஞ்சின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதனோடு ஒரு புத்தகம் வந்தது. எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று அதில் ஜெர்மன் கணக்கில் போட்டிருந்தது. ஆரம்பத்தில் கம்பெனிக்காரர்களே அதற்கு ஏற்ற எண்ணெயைக் கொழும்பிலிருந்து அனுப்பினார்கள். அதனால் யாரும் கணக்கைப் பற்றிக் கவலைப்படவில்லை. பிறகு வெளிநாட்டுச் சாமான் இறக்கக் கட்டுப்பாடு வந்தது. மிளகாய்க்கும் துணிக்கும் அலைந்த காலம் அது. அந்த எண்ணெய் வருவதும் நின்றது. அதற்குப் பதிலாக வேறு எண்ணெய் பீப்பாயில் வந்து இறங்கியது. பீப்பாயின் மேல் இங்கிலீஷ் கணக்கில், செக்கனில் எழுதியிருந்தது. இது புத்தகம் கேட்கும் எண்ணெய்தானா என்று சொல்ல ஸ்டோரில் ஆள் இல்லை. பழைய எண்ணெய் பீப்பாயின் அடிக்குப் போய்விட்டது.

ஸ்டோருக்குப் பெரியவர் டீ மேக்கர் ஐயா. இங்கிலீஷ் படித்தவர், சப்பாத்து போட்டவர், ஆனால் கர்வம் இல்லாதவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் ஓடாத நாளில், அவரும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு போத்தல் எண்ணெயோடு என் அடுப்படிக்குள் வந்து நின்றார்கள்.

"தங்கச்சி, உங்க சோத்துப் பானை கொஞ்சம் வேணும்" என்றார் ஐயா.

"எதுக்குங்க ஐயா?"

"எண்ணெயக் குளிப்பாட்டணும்."

"அப்ப மத்தியானச் சோறு?"

"புள்ள, ஒரு நாளைக்கு ரொட்டி சுடேன்" என்றார் இவர்.

எனக்கு எரிச்சல்தான். ஆனால் டீ மேக்கர் ஒருவர் என் வீட்டில் வந்து என் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார். லயத்துக்காரிகள் வாசல் வழியாகப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். பானையைக் கொடுத்துவிட்டு மாவைப் பிசைந்தேன்.

பானையில் வெந்நீர். வெந்நீருக்குள் இரண்டு போத்தலும். ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த, சூடு அளக்கும் சூட்டுக் கண்ணாடியைத் தண்ணீரில் விட்டு ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். பீப்பாயில் ஒரு சூட்டில் அளந்து எழுதியிருக்கிறான், புத்தகத்தில் வேறொரு சூட்டில் அளந்து எழுதியிருக்கிறான், அதனால் சும்மா வகுத்துப் பார்த்தால் சரிவராது, இரண்டு எண்ணெய்க்கும் புத்தகத்தில் சொன்ன சூட்டையே கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று இவர் எனக்குச் சொன்னார். இஞ்சின் ஓடும்போது எண்ணெய்க்கு அந்தச் சூடுதானாம்.

சூடு வந்ததும் இவர் தானே செய்த பித்தளைக் கிண்ணத்தை எடுத்தார். அடியில் அவரே துளைத்த துளை. முதலில் தண்ணீர். ஐயா தேயிலை ருசி பார்க்கும்போது நேரம் பார்க்கும் கடிகாரத்தைக் கையில் வைத்திருந்தார். பிறகு பழைய எண்ணெய். பிறகு கிண்ணத்தைத் துடைத்துவிட்டுப் புது எண்ணெய். திரும்பவும் முதலிலிருந்து. மாறி மாறி விட்டுப் பார்த்தார்கள். ஐயா வகுத்துப் பார்த்து மடங்கைச் சொன்னார். இவரும் விரலை மடக்கி அதையே சொன்னார். ஐயா புத்தகத்தை எடுத்து அதிலிருந்த மடங்கையும் பார்த்தார். அதுவும் பொருந்தியது.

"ரெண்டும் ஒண்ணுதான், டிரைவர்" என்றார் ஐயா. "கொஞ்சம்கூட வித்தியாசம் இல்லை."

"ஊத்திரலாங்களா?"

"ஊத்துங்க. நான் இருக்கேன்."

ரொட்டியைச் சம்பலோடு இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். ஐயா என் சம்பலை மெச்சினார். என் பானை அதற்கப்புறம் எத்தனை நாள் சாம்பல் போட்டுத் தேய்த்தும் இஞ்சின் வாடை போகவில்லை.

புது எண்ணெய் ஊற்றி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இஞ்சின் தினமும் ஓடிக்கொண்டிருந்ததால் அதன் உடம்பு ஆறவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் நின்றாலும், பனி விழத் தொடங்காத காலம், குளிர் அவ்வளவு இல்லை.

பிறகு தைப்பொங்கல் வந்தது. பொங்கலுக்கும் மறுநாளுக்கும் தோட்டத்துக்கு லீவு. கோயிலில் பூசை, லயத்தில் கூத்து. அந்த வருடம் பனி மோசம். விடிகிற நேரத்தில் புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல வெள்ளையாக நிற்கும். பள்ளத்தில் இருந்த தேயிலைச் செடிகளின் தளிர் கருகிப்போய்க் கிடந்தது. இஞ்சின் இரண்டு நாளும் அந்தக் குளிரில் கதவடைத்த அறைக்குள் கிடந்தது.

லீவு முடிந்த அன்று காலை இவர் வழக்கம்போல வேலைக்குப் போனார். அமுக்கி அடைத்த காற்றுப் போத்தலைத் திறந்து இஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது. கிளம்பியது. நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டல். இரும்பை இரும்பால் அடிப்பதுபோல. பிறகு நின்றது. நான் ஊதுகுழலைப் போட்டுவிட்டு ஓடினேன்.

இஞ்சின் அறை வாசலில் நீலப் புகை. உள்ளே இவர் இஞ்சினின் வயிற்றுப் பக்கம் முழங்காலில் இருந்தார். இஞ்சின் தண்டு உருளும் இடத்தில் இருந்த வெள்ளை உலோகம் உருகி ஒழுகியிருந்தது. எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திறந்து கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது எண்ணெய் ஒழுகவில்லை. விரல்களில் பன்றி நெய் மாதிரி அப்பியிருந்தது.

"பம்பு எண்ணெய இழுக்கல" என்றார். அந்தக் கையை எதிலும் துடைக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்களை யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை. கொழுந்து வந்துகொண்டே இருந்தது. நல்ல தேயிலைக்கு விலை வரும் காலம் அது. காற்றாடி இல்லாமல் கொழுந்து குவிந்து, சூடேறி, சாயங்காலத்துக்குள் சிவந்துபோயிற்று. பாதியை லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்கு ஏற்றினார்கள். மீதியைத் தண்ணீர் ஓடும் கானில் கொட்டினார்கள். பறித்த பெண்கள் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்திகூட அன்றைக்கு என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் வாய் திறக்காததுதான் என்னைப் பயப்படுத்தியது.

கொழும்பிலிருந்து இஞ்சினியர் ஒருவர் வந்தார். சிங்கள மனிதர், வயதானவர், கம்பளிச் சட்டைக்குள் நடுங்கிக்கொண்டே வேலை பார்த்தார். பழைய எண்ணெயில் கொஞ்சமும் புது எண்ணெயில் கொஞ்சமும் இரண்டு போத்தலில் எடுத்து, சாயங்காலம் ஸ்டோர் வாசல் புல்லில் வைத்துவிட்டுப் போனார். காலையில் எல்லார் முன்னாலும் இரண்டையும் சாய்த்துக் காட்டினார். பழைய எண்ணெய் மெதுவாகச் சரிந்தது. புது எண்ணெய் அசையவில்லை. போத்தலைத் தலைகீழாகப் பிடித்தார். அப்போதும் அசையவில்லை.

அவர் இங்கிலீஷில் சொன்னதை டீ மேக்கர் ஐயா இவருக்குத் தமிழில் சொன்னார்.

"கணக்கு சரிதானாம், டிரைவர். அந்தச் சூட்டுல ரெண்டும் ஒரே மாதிரிதானாம். ஆனா குளிர் ஏற ஏற ஒண்ணு கொஞ்சமா இறுகும், ஒண்ணு கல்லா இறுகுமாம். ஒரு சூட்டுல அளந்த மடங்கை வச்சு மத்தச் சூட்டைச் சொல்ல முடியாதாம். கொழும்புல இந்த எண்ணெயால ஒரு கெடுதலும் வராதாம்."

"கொழும்புல" என்றார் இவர்.

எங்கள் ஊரில் பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைக்காமல் எந்தப் பெண்ணும் தலை வாருவதில்லை. அது என் வீட்டிலும் இஞ்சின் நின்ற அந்தக் காலையில் உறைந்துதான் இருந்தது. அதையும் இதையும் சேர்த்து யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். அதற்காக நான் என்னை நொந்துகொள்வதில்லை. இரண்டு ஆம்பிளைகள் கடிகாரத்தையும் சூட்டுக் கண்ணாடியையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்த காரியம் அது.

விசாரணைக்கு முந்தின நாள் ஐயா வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை உட்காரவில்லை.

"டிரைவர், நாளைக்குத் துரை கேப்பாரு. ரெண்டு பேரும் சேந்து செஞ்சோம்னு சொன்னா ரெண்டு பேரும் ஒரே பக்கம் நிக்கணும். அப்புறம் உங்களுக்காகப் பேச ஆள் யாரு? நீங்க தனியாப் பாத்ததா சொல்லுங்க. கணக்கு சரின்னு இஞ்சினியரே சொல்லிட்டாரு. சரியாப் போட்ட கணக்குக்கு என்ன தண்டனை வந்திரும்? நான் பக்கத்துல நின்னு பேசுறேன்."

"பேசுவீங்களா ஐயா?" என்று நான் கேட்டேன்.

"இதென்ன கேள்வி, தங்கச்சி. உங்க வீட்டு ரொட்டி தின்னவன் நான்."

அவர் போன பிறகு இவரிடம் கேட்டேன், "என்னங்க சொல்லப் போறீங்க?"

"அவரு சொல்றது நெசந்தான புள்ள. அவரும் விழுந்துட்டா தூக்கிவிட ஆள் வேணாமா?"

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எங்களுக்கு வேறு வழி என்ன இருந்தது? தோட்டத்தை விட்டால் போக இடமில்லை. இந்த நாட்டு ஆட்கள் என்று சொல்ல எங்களிடம் காகிதம் இல்லை. எங்கள் பாட்டன்மார் வந்த அந்த நாட்டு ஆட்கள் என்று சொல்லவும் இல்லை. இருந்தது இஞ்சினும் அந்த வீடும்.

மறுநாள் நான் ஆபீசுக்கு வெளியே ஜன்னல் ஓரம் போய் நின்றேன். யாரிடமும் கெஞ்சப் போகவில்லை. நடப்பதை என் காதால் கேட்க வேண்டும் என்று போனேன். துரை வெள்ளைக்காரர். எங்கள் தமிழைத் தன் வாய்க்கு ஏற்றபடி பேசுவார்.

"எண்ணெய் கணக்கு யார் பாத்தது?"

"நான்தாங்க துரை."

"ஒரு ஆள்?"

"ஆமாங்க. நான் மட்டுந்தாங்க."

"டீ மேக்கர்கிட்டே கேட்டதா?"

"கேக்கலீங்க."

"என்கிட்டே கேட்டதா?"

"இல்லீங்க. கணக்கு சரிங்க துரை. இஞ்சினியர் ஐயாவே சொன்னாருங்க."

"கணக்கு சரி. நான் கணக்குக்குக் கோபம் இல்லே. நீ யார்கிட்டேயும் கேக்காம ஊத்தினது. டீ மேக்கரைக் கேட்டிருந்தா, அவன் என்னைக் கேட்கும், நான் கொழும்பைக் கேட்கும். கேக்காம செய்யற ஆள்கிட்டே நான் எப்படி இஞ்சின் குடுக்கறது?"

"சேர்" என்று ஐயாவின் குரல் கேட்டது.

"டீ மேக்கர், நான் உன்னைக் கேட்டதா?"

"இல்லை சேர்."

ஜன்னல் வழியாக ஐயாவின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு விரலால் இன்னொரு விரலைத் திருகிக்கொண்டே இருந்தார். எந்தப் பொய் காப்பாற்றும் என்று சொல்லிக் கொடுத்தாரோ அந்தப் பொய்தான் குற்றமாயிற்று. இவர் உள்ளதைச் சொல்லியிருந்தால், டீ மேக்கரைக் கேட்டுத்தான் ஊற்றினேன் என்று ஆகியிருக்கும். இப்போது அதைச் சொல்ல ஐயாவுக்கு வாய் இல்லை. சொன்னால் அவர் வேலையும் போகும். இவரும் அதற்குப் பிறகு மாற்றிச் சொல்லவில்லை. சொன்ன சொல்லிலேயே நின்றார். அந்த வீம்பு என்னிடமும் உண்டு, அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலையிலிருந்து நிற்பாட்டும் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டவில்லை. இரக்கம் காட்டினார்களாம். ஸ்டோர்ப் பக்கம் வரக்கூடாது. மாதம் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வேண்டுமானால் மலையில் வேலைக்குப் பேர் போடலாம்.

நாங்கள் சாமான் கட்டிய அன்று ஐயா தேயிலைத் தூளும் சீனியும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்பினார். நான் வாங்கவில்லை.

"என்னம்மா சொல்லட்டும்?" என்று அந்த ஆள் கேட்டார்.

"எங்க வீட்டுல பானை கழுவி முடியல, அப்புறமா வாங்கிக்கிறோம்னு சொல்லுங்க."

லயத்தில் எங்களுக்குக் கிடைத்தது கடைசிக் காம்பரா. மழை அந்தப் பக்கத்துச் சுவரில்தான் அடிக்கும். முதல் நாள் தண்ணீர்க் குழாயில் வரிசையில் நின்றேன். ஏதாவது சொல்வார்கள் என்று நெஞ்சை இறுக்கிக்கொண்டு போனேன். ஒருத்தி மட்டும், "முன்னால வாங்க அக்கா, உங்களுக்குப் பழக்கமில்ல" என்று வழி விட்டாள். அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். குடத்தை வைத்துக்கொண்டு என் முறை வரும்வரை பின்னாலேயே நின்றேன்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிடுவார். கூடையை முதுகில் போட்டால் கயிறு என் நெற்றியில் நிற்காமல் வழுக்கும். இவரைத் தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்து வெட்ட அனுப்பினார்கள். எண்ணெயில் ஊறி மென்மையாகிப்போன கை. கத்திப் பிடியில் கொப்புளம் கட்டி, உடைந்து, திரும்பவும் கட்டும். வேலையில் பாதியைக்கூட அவரால் முடிக்க முடியாமல் அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போட்டு அனுப்புவார்கள். நானும் அரைப்பேர். இரண்டு அரைப்பேர்களும் சேர்ந்து அடுப்படியில் உட்கார்ந்து பேச ஒன்றும் இருக்காது. கணக்கு எங்கே தப்பியது என்று அவர் யோசித்துக்கொண்டிருப்பார் என்று நான் நினைத்தேன். ஒரு நாள் கேட்டேன்.

"தப்பவே இல்லையே புள்ள" என்றார். "தப்பியிருந்தா மனசு ஆறியிருக்கும்."

அடுத்த பனிக்காலம் தொடங்குவதற்கு முன்னால் புது டிரைவர் எங்கள் காம்பராவைத் தேடி வந்தார். நாவலப்பிட்டிப் பக்கத்து ஆள், கல்யாணமானவர், மரியாதை தெரிந்தவர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்தார்.

"அண்ணே, திரும்பவும் எண்ணெய் மாறி வந்திருக்கு. இந்தத் தடவை அமெரிக்கன் பீப்பாய். அதுலயும் செக்கன்தான் போட்டிருக்கு. ஆனா இது நம்ம இங்கிலீஷ் செக்கன் இல்ல, வேற செக்கன்னு சொல்றாங்க. செக்கன்ல ஏதுண்ணே வேற செக்கன்?"

இவர் முகம் மாறியது. அந்த வருடத்தில் நான் பார்க்காத முகம்.

"செக்கன் ஒண்ணுதான் தம்பி. ஓட்டைதான் வேற. அவன் கிண்ணம் வேற, அதுல ஊத்துற எண்ணெய் அளவும் கூடுதல். அதனால..."

விரலால் மண் தரையில் ஒரு வட்டம் போட்டார். அதற்கு அடியில் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் புள்ளியிலேயே விரல் நின்றுவிட்டது. பிறகு உள்ளங்கையால் அழித்தார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றார். தம்பி என்று சொன்ன வாய் ‘ங்க’ போட்டது. "துரைகிட்டக் கேளுங்க. கேட்டுச் செய்யுங்க."

புது டிரைவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் துரையிடம் கேட்டிருக்கிறார். துரை கொழும்பைக் கேட்டிருக்கிறார். கொழும்பிலிருந்து பதில் வந்திருக்கிறது, குளிருக்கும் சேர்த்தே. நான் ஒளிக்காமல் சொல்கிறேன், இவர் இல்லாமல் அந்த இஞ்சின் நின்றுபோகும் என்று அந்தப் பனிக்காலம் முழுக்க எதிர்பார்த்தேன். விடியற்காலையில் காற்றுப் போத்தல் திறக்கும் சத்தம் ஸ்டோரிலிருந்து ஏறிவந்து லயத்தில் கேட்கும். பொங்கல் லீவு முடிந்த காலையிலும் கேட்டது. இஞ்சின் கிளம்பியது. தட்டவில்லை. நிற்கவில்லை.

இவர் கம்பளிக்குள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடுது" என்றார்.

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. நான் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் அன்றைக்கு எழுந்து வேலைக்கு வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.